சனியா? சுங்கவரியா?

நமது மக்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் அதற்குக் காரணம் தேடும் வழக்கமே கிடையாது. காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கின்றது. ஒன்று தலையெழுத்து, இல்லாவிட்டால் சனி, அதுவுமில்லாவிட்டால் முன் ஜன்மத்துப் பாவம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வயிறு வளர்க்கின்ற கூட்டம் ஒன்று இருப்பதால், நான்காவதாக வேறு காரணம் ஏதேனும் இருக்குமா என்று யோசிப்பதற்கு நம்மவர்களுக்கு அவகாசமே கொடுக்கப்படுவதில்லை.

உதாரணமாக, திருப்பூரைச் சேர்ந்த மண்ணரையை எடுத்துக்கொள்வோம். நொய்யல் ஆற்றை அடுத்த இவ்வூரில் பனியன் தொழிலையும் சாயத் தொழிலையும் நம்பி வாழ்பவர்கள் ஏராளம். கட்டிங் போடுகிறவர், ஓவர்லாக் தைக்கிறவர், கைமடிக்கிறவர், செக்கிங் பார்க்கிறவர், சாயப்பட்டறையில் நிற்கிறவர் என்று பலவகைப் பாட்டாளிகள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடன் தீர்த்து, திங்கட்கிழமை மறுபடியும் வெறுங்கையுடன் ஷிப்டுக்குப் போகின்ற குடும்பங்கள். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவுக்குப் போகவேண்டிய ஆர்டர்கள் திருப்பூரில் பல கம்பெனிகளில் நின்றுபோயின. ஒன்றரை ஷிப்டு பார்த்தவர்களுக்கு ஒரு ஷிப்டுக்கே வேலை கிடைப்பது சந்தேகமாயிற்று. அப்பொழுது நம்மவர்களில் அநேகர் செய்தது என்ன? கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் கட்டினார்கள், ஜோசியரிடம் போனார்கள். ஜோசியரும் வழக்கம்போல் சனியின்மேல் பழியைப் போட்டு, பரிகாரமும் சொல்லி, தட்சிணையும் பெற்றுக்கொண்டார்.

அந்தச் சனியின் யோக்கியதைதான் என்ன? திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் தேதி சனிப்பெயர்ச்சி என்று சொல்லிற்று. வாக்கியப் பஞ்சாங்கமோ, இல்லை, 2026-ஆம் ஆண்டு மார்ச்சில்தான் என்றது. திருநள்ளாற்றுக் கோயிலாரும், தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தையே பின்பற்றுவதால் 2025-இல் தங்களுக்குப் பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தார்கள். ஆகவே ஒரே சனி ஒரு பஞ்சாங்கத்தில் நகர்ந்தும் மற்றொரு பஞ்சாங்கத்தில் நகராமலும் ஏறக்குறைய ஒரு வருஷ காலம் இருந்திருக்கின்றார்! இரண்டு இடத்தில் ஏககாலத்தில் இருக்கக்கூடிய இப்பேர்ப்பட்ட கிரகமா மண்ணரையில் கைமடிக்கின்ற பெண்ணின் கூலியைக் குறைத்தது என்று கேட்கின்றோம்.

நடந்த சங்கதி வேறு. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் இந்தியச் சரக்குகளின்மேல், முன்பிருந்த தீர்வை போதாதென்று, 2025 ஆகஸ்டு 7-ஆம் தேதி முதல் நூற்றுக்கு 25 வீதம் கூடுதல் வரி போட்டார். ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குகின்றது என்பதைக் காரணமாகக் காட்டி, ஆகஸ்டு 27-ஆம் தேதி முதல் இன்னொரு 25 சேர்த்து 50 ஆக்கினார். அதே சமயத்தில் வியட்நாம், பங்களாதேஷ் ஆகிய நாடுகளின் சரக்குக்குப் போட்ட கூடுதல் வரியோ 20 தான். பங்களாதேஷ் சட்டைக்கு 20, திருப்பூர் சட்டைக்கு 50 என்றால் அமெரிக்க வியாபாரி யாரிடம் வாங்குவான்? இதற்கு ஜாதகம் வேண்டியதில்லை; நான்காம் வகுப்புக் கணக்கே போதும். எண்ணெய் வாங்கிச் சுத்திகரித்து விற்று லாபம் பார்த்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். வாங்கலாம் என்று தீர்மானித்தவர்கள் டில்லியில் இருப்பவர்கள். வரி போட்டவர் வாஷிங்டனில் இருப்பவர். ஷிப்டு இழந்தவர்கள் மட்டும் மண்ணரையில் இருப்பவர்கள். ஒரு கையெழுத்தால் ஏற்றிய வரியை மற்றொரு கையெழுத்தால் இறக்கவும் முடியும். மனிதன் போட்டதை மனிதன் மாற்றலாம் என்பதுதான் இதிலுள்ள முக்கியமான பாடம். தலையெழுத்து என்று நம்புகிறவனுக்கு இந்தப் பாடம் எந்தக் காலத்திலும் ஏறாது.

நிற்க, ஒரு நாட்டுக்கும் மற்றொரு நாட்டுக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கல், சண்டை, சமாதானம், ஒப்பந்தம், வரி ஆகியவைகளை ஒழுங்காக ஆராய்ந்து படிப்பதற்குத்தான் சர்வகலாசாலைகளில் சர்வதேச உறவு என்று பெயர். ஆர்டர் நின்ற வாரத்தில் அந்தக் குடும்பத்தின் அடுப்பு எப்படி எரியும், நோய் வந்தால் யார் பார்ப்பது, குழந்தையின் படிப்பு நிற்காமலிருக்க என்ன ஏற்பாடு என்பவைகளை ஆராய்வதற்குச் சமூகக் கொள்கை என்று பெயர். இவ்விரண்டும் ஏதோ கோட்டு சூட்டு மாட்டிய ராஜதந்திரிகளின் பொழுதுபோக்கு என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். உண்மையில் இவை பனியன் தொழிலாளியின் கூலிக் கணக்கும் வீட்டுக் கணக்குமே ஆகும்.

இது 2025-இல் புதிதாக வந்த விஷயமுமல்ல. 1974 முதல் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட நூலிழை ஒப்பந்தத்தின்படி, எந்த நாடு பணக்கார நாடுகளுக்கு எத்தனை துணி அனுப்பலாம் என்று கோட்டா வைக்கப்பட்டிருந்தது. திருப்பூரிலிருந்து எவ்வளவு சரக்கு போகலாம் என்பதை அந்தக் கோட்டாவே கட்டுப்படுத்திற்று. 2005-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அந்தக் கோட்டா முழுவதும் ஒழிந்தது. அதற்குள்ளாக, 2001-இல், ஐரோப்பிய யூனியன் மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்குகளுக்கு, ஆயுதம் நீங்கலாக, தீர்வையே கிடையாது என்று சலுகை கொடுத்தது. பங்களாதேஷ் அந்தப் பட்டியலில் இருந்தது, இந்தியா இல்லை. இவற்றில் எதற்காவது மண்ணரையில் ஒரு பொதுக்கூட்டம் கூடி அபிப்பிராயம் சொல்லிற்றா? சொல்வதற்கு விஷயம் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

உள்ளூர் விஷயத்திலும் இதே கதைதான். சாயக் கழிவு நொய்யலில் விடப்பட்டு, கீழே ஒரத்துப்பாளையம் அணை வரையில் தண்ணீர் கெட்டு, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயிகள் கேட்டது நியாயம். ஆனால் பட்டறை மூடியபோது அதில் கூலி வாங்கியவனுக்கு என்ன வழி என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்தவர் எத்தனை பேர்? ஆற்றையும் காப்பாற்றி, கூலியையும் காப்பாற்ற வழி காண்பதே சமூகக் கொள்கை. அந்தப் படிப்பு நம்மிடம் இல்லாததால் விவசாயியும் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் விரோதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கழிவைச் சுத்தம் செய்யும் செலவை மிச்சம் பிடித்தவர்கள் சும்மா இருந்தார்கள்.

இந்தப் படிப்புகள் யாருடைய பணத்தால் வளர்ந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. சர்வதேச அரசியலுக்கென்று முதல் பேராசிரியர் பதவி 1919-இல் வேல்ஸ் தேசத்து ஆபரிஸ்ட்வித் சர்வகலாசாலையில் ஏற்பட்டது. முதல் மகா யுத்தத்தின் அழிவைக் கண்டு அதற்குப் பணம் கொடுத்தவர் டேவிட் டேவிஸ் என்கின்ற நிலக்கரிச் சுரங்கக் குடும்பத்தார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் வறுமையின் காரணங்களை ஆராய்வதற்கு 1912-இல் பணம் கொடுத்தவர் நமது நாட்டு ரத்தன் டாட்டா. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியின் வியர்வையும், பம்பாய்ப் பாட்டாளியின் வியர்வையும் அந்தப் படிப்புகளுக்கு அஸ்திவாரமாயிருக்கின்றன. அஸ்திவாரம் போட்டவனுடைய பிள்ளை மட்டும் கட்டடத்துக்குள் போகக்கூடாதா?

போகக்கூடாது என்றுதான் நமது சாஸ்திரம் சொல்லிற்று. கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று எழுதி வைத்தார்கள். 1888-இல் காந்தியார் சீமைக்குப் போனதற்காக அவருடைய சாதியாரே அவரைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் கப்பலின் மறுமுனையில் ஐ.சி.எஸ். உத்தியோகமும் பாரிஸ்டர் பட்டமும் இருக்கின்றன என்று தெரிந்தவுடன், சாஸ்திரத்தைக் காத்தவர்களே முதலில் கப்பலேறினார்கள்; திரும்பி வந்ததும் பிராயச்சித்தம் செய்துகொண்டார்கள். சாஸ்திரம் யாருக்காக என்றால், போக வசதியில்லாதவனுக்காகத்தான்!

அந்தச் சுவரை இடித்தவர் டாக்டர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-இல் நியூயார்க்குக் கொலம்பியா சர்வகலாசாலைக்கும், 1916-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கும் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-இல் திரும்ப நேர்ந்தது. மறுபடியும் பணம் சேர்த்து, கடனும் வாங்கி, 1920-இல் லண்டன் போய், ரூபாயின் பிரச்சினையைப் பற்றி ஆராய்ந்து 1923-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் படிப்பு என்ன செய்தது? அவர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் அங்கத்தினராயிருந்த காலத்தில், 1946-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தால் வார வேலை 48 மணி என்று வரம்பு கட்டப்பட்டது. பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்டு எட்டு மணி என்று கணக்குச் சொல்கிறவர்கள், அந்த எட்டு மணி ஆகாயத்திலிருந்து விழவில்லை என்பதை அறியவேண்டும்.

நமது பக்கத்திலும் ஆட்கள் இல்லாமலில்லை. ஜஸ்டிஸ் கட்சியில் வளர்ந்த சர். ஏ. இராமசாமி முதலியார் 1946-இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக சபைக்கு முதல் தலைவரானார். கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1932-இல் ஒட்டாவா மாநாட்டிற்கும் 1944-இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டிற்கும் சென்றார். ஆனால் இவர்கள் வசதியும் வக்கீல் படிப்பும் உள்ள குடும்பங்களிலிருந்து போனவர்கள். பார்ப்பனரல்லாதார் போனார்கள் என்பது ஒரு படி. பாட்டாளியின் மக்கள் போவது அடுத்த படி. அந்தப் படியில் இன்னும் நாம் கால் வைக்கவில்லை.

காரணம் இருபுறத்திலும் இருக்கின்றது. 2022-இல் மத்திய சர்க்கார், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான வெளிநாட்டு உதவித்தொகை விதிகளில் ஒரு நிபந்தனையைப் புகுத்திற்று. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆராய்ச்சி ஆகியவற்றை வெளிநாட்டில் படிக்க அந்தப் பணம் கிடையாது என்பதே அது. சாதியைப் பற்றி லண்டனில் ஆராயாதே என்பதல்லாமல் இதற்கு வேறென்ன அர்த்தம்? இன்றைக்கு அம்பேத்கரே விண்ணப்பம் போட்டாலும், எந்தப் பொருளை ஆராயப்போகின்றாய் என்று கேட்டல்லவா நிறுத்துவார்கள்! தமிழ்நாட்டு சர்க்காரோ ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கென்று அண்ணல் அம்பேத்கர் பெயரால் அயலக உயர்கல்வித் திட்டம் வைத்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தது. இவைகளை வரவேற்கின்றோம். ஆனால் இவை இருப்பது தெரியாமல் ஒரு பிள்ளை ஷிப்டுக்குப் போகுமானால் அந்தக் குற்றம் நம்முடையது.

மற்றொரு புறம் நமது தாய் தந்தையர். சயன்ஸ் குரூப் எடுத்தால் மரியாதை, சரித்திரம் பொருளாதாரம் எடுத்தால் உதவாக்கரை என்று ஒரு புதிய வருணாசிரமத்தை வீட்டுக்குள்ளேயே நடத்துகின்றார்கள். "இதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயமே, பசித்தவன் கேட்கத்தான் செய்வான். எல்லோருக்கும் கிடைக்கும் என்று நாம் பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் வெளிநாட்டு வியாபாரிகள் தொழிலாளர் நிலையைத் தணிக்கை செய்ய ஆள் அனுப்புகின்றார்கள். ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஆள் வேண்டியிருக்கின்றது. தொழிற்சங்கத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் வெளிநாட்டு சர்வீசுக்கும் ஆள் வேண்டியிருக்கின்றது. அந்த இடங்களில் யாரோ இருக்கத்தான் போகின்றார்கள். அவர்கள் ஏன் தைப்பவர் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கக்கூடாது? வீட்டுக்கு ஒருவர் வேண்டாம். வீதிக்கு ஒருவர் போதும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லுவோம். பட்டம் பெற்றவுடன் ஊரை மறந்து, முதலாளிக்கு அறிக்கை எழுதிக்கொடுக்கும் குமாஸ்தாவாவதற்கு இந்தப் படிப்பு தேவையில்லை. சர்வகலாசாலையையே மிதிக்காத பெரியார் 1931, 1932-ஆம் வருஷங்களில் எகிப்து, துருக்கி, ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய தேசங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அதைக் கொண்டு ஈரோட்டில் சமதர்ம வேலைத்திட்டம் போட்டார். உலகத்தைப் பார்ப்பது ஊரை மாற்றுவதற்காக என்பதே அதன் கருத்து.

உலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் சங்கம் சேரும் உரிமைக்காக 1948, 1949-இல் செய்த 87, 98-ஆம் உடன்படிக்கைகளையும், வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக 1996-இல் செய்த 177-ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து பீசுக்கு இவ்வளவு என்று பிசிறு வெட்டுகின்ற எத்தனை பெண்களுக்கு, தங்கள் பெயரில் உலகத்தில் இப்படி ஓர் உடன்படிக்கை இருப்பது தெரியும்? தெரிந்தால்தான் ஏன் உறுதி செய்யவில்லை என்று கேட்க முடியும். கேட்டால்தான் பதில் வரும்.

ஆகவே மண்ணரைத் தோழர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. நமது படிப்பகங்களில் பத்திரிகை படிப்பதோடு வாரம் ஒரு நாள் ஓர் ஒப்பந்தத்தையோ ஒரு சட்டத்தையோ எடுத்து வைத்துத் தமிழில் விளக்குங்கள். சிக்கண்ணா அரசுக் கல்லூரியிலும் எல்.ஆர்.ஜி. பெண்கள் கல்லூரியிலும் பனியன் தொழிலை முன்வைத்து உலக வியாபாரமும் தொழிலாளர் கொள்கையும் கற்பிக்கவேண்டும் என்று கேளுங்கள். நன்றாகப் படிக்கும் பெண்ணோ ஆணோ உங்கள் வீதியில் இருந்தால், டில்லி ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலைக்கும், பம்பாய் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்துக்கும் விண்ணப்பம் போடச் செய்யுங்கள். பூசணிக்காய்க்கும் பரிகாரத்துக்கும் போகும் காசு அந்த விண்ணப்பத்துக்கும் பிரயாணச் செலவுக்கும் தாராளமாகப் போதும்.

சனியை எந்தத் தொழிலாளியும் எதிர்த்து வாதாட முடியாது. சுங்கவரியை எதிர்த்து வாதாட முடியும். வாதாடத் தெரிந்தவர்களை நாமே உண்டாக்கவேண்டும்.