கிரியாட்டினினும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

ரத்தக் கொதிப்பிலிருந்து சிறுநீரகத்தைக் காக்கும் மூலிகைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாட்டு வைத்தியத்தை நான் இளக்காரமாக நினைப்பவன் அல்ல. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுத்த ரிசர்பைன்தானே ஒரு காலத்தில் உலகமெங்கும் கொதிப்பு மாத்திரை! ஆனால், நெருஞ்சில் முள்ளும் மூக்கிரட்டை வேரும் பொட்டலம் கட்டித் தரும் கடைக்காரர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்பதில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு வாழைத்தண்டுச் சாற்றிலுள்ள பொட்டாசியமே இதயத்துக்கு ஆபத்தாகலாம். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணமான அரிஸ்டோலோக்கிக் அமிலம் நம் ஆடுதின்னாப்பாளையிலும் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறாதீர்கள் என்று அடுத்த இதழிலாவது கட்டம் கட்டிப் போடுங்கள்.

– வாசகர், கும்பகோணம்