பாம்பைக் காணோம்னு பக்கத்து வீட்டுல சொல்லுவீங்களா?

'பைத்தான்'னு சொன்னா நம்ம காலேஜ்ல முக்கால்வாசிப் பேருக்கு இன்டென்டேஷன் எரர்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வந்தது நிஜப் பைத்தான். ரீல்ஸ்ல அடிக்கடி தலை காட்டுதே, 'பால் பைத்தான்', அது. பாலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். அதனால் வந்த பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. விஷம் கிடையாது. பெரும்பாலும் 3 முதல் 5 அடி. பொதுவாகச் சாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிறைய வீடுகளில் வளர்க்கிறார்கள்.

நம்ம ஊரிலும் ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பாங்காக்கில் இருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. வாங்க ஆள் இல்லாமலா வருது?

"அழகா இருக்குல்ல, ஒண்ணு வளர்த்தா என்ன?" என்று கேட்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒரு நாள் ராத்திரி அது பெட்டியை விட்டு வெளியே போயிட்டா, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுவீங்களா? சொல்ல முடியாதுன்னா, அந்தப் பாம்பை வளர்க்க உங்களுக்கு உரிமை இல்லை. இதுதான் என் கட்சி.

"என் பெட்டி ஸ்ட்ராங்கா இருக்கு, அதெல்லாம் போகாது" என்பவர்களுக்கு ஸ்டாக்ஹோம் கதை ஒன்று. அங்கே ஸ்கான்சென் அக்வேரியத்தில் இருந்த ஒரு ராஜநாகம் 2022 அக்டோபரில் தப்பித்தது. எப்படி? கூண்டின் மேலே இருந்த விளக்கை மாற்றியிருந்தார்கள். பழைய பல்பு பயங்கரமாகச் சுடும், அதனால் பாம்பு கிட்டவே போகாது. புதிதாகப் போட்டது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விளக்கு, அவ்வளவாகச் சுடாது. விளக்குக்கும் அதன் பொருத்துக்கும் நடுவில் தலையை நுழைத்துப் பாம்பு வெளியே போய்விட்டது. அந்தச் சூடுதான் இத்தனை நாளும் பூட்டாக இருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை. டிசைன் டாக்குமென்ட்டில் எழுதாத ஒரு பாதுகாப்பை, வேறு நல்ல காரணத்துக்காக எடுத்துவிட்டார்கள். பொறியியல் படிக்கிற நமக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடைக்காது.

தேர்ந்த ஆட்கள் நடத்துற இடத்துலயே இப்படின்னா, ஆன்லைனில் வாங்கின பிளாஸ்டிக் டப்பாவும் மேலே வைத்த ரெண்டு ரெக்கார்டு நோட்டும் எம்மாத்திரம்? தலை நுழையும் சந்து இருந்தால் பாம்புக்குப் பெரும்பாலும் உடம்பும் நுழையும். ராத்திரி முழுக்க மூக்கால் மூடியைத் தள்ளிப் பார்க்க அதற்குப் பொறுமை உண்டு. அதனால் 'போனால்' என்று யோசிக்காமல் 'போகும்போது' என்று யோசிப்பதுதான் சரி.

சரி, போயிடுச்சு. எங்கே தேடுவது? அனுபவப்பட்ட வளர்ப்பாளர்கள் சொல்லும் முறை எளிமையானது. முதலில் பெட்டிக்குள்ளேயே, அடியில் போட்ட மண், மரத்தூளைக் கிளறிப் பார்க்க வேண்டும். அங்கேயே புதைந்து கிடக்கும் கதைகள் ஏராளம். அப்புறம் அதே அறையின் கதவைச் சாத்தி, கதவடிச் சந்தைத் துணியால் அடைக்க வேண்டும். இருட்டு, இடுக்கு, உடம்பு ரெண்டு பக்கமும் உரசுகிற இடம்: பாம்புக்குப் பாதுகாப்பு என்றால் அதுதான். புத்தக அலமாரியின் பின்பக்கம், மேஜை டிராயருக்குப் பின்னால், சோபாவின் அடித்துணிக்குள். கண்டுபிடிக்கும் வரை வாஷிங் மெஷினைப் பார்க்காமல் போடக்கூடாது, சோபாவைப் பட்டென்று இழுக்கக்கூடாது. ராத்திரி வாசற்படியில் மைதா மாவு தூவி வைத்தால் காலையில் தடம் தெரியும்.

குளிர் நாடுகளில் இன்னொரு வழியும் உண்டு. பாம்பு வெதுவெதுப்பைத் தேடிப் போகும் என்பதால் ஃப்ரிட்ஜின் பின்பக்கம், வாட்டர் ஹீட்டர் பக்கம் பார்ப்பார்கள். சூடு தரும் மேட் ஒன்றை விரித்து அதன் மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் தானாகவே வந்து படுக்கும். அந்த டிப்ஸ் நம்ம ஊரில் அப்படியே ஓடாது. மே மாசத்துச் சென்னையில் வீடு முழுக்கவே ஹீட்டிங் மேட்தானே! அது குளிர்ச்சி தேடி பாத்ரூம் பக்கமோ, கிரைண்டருக்கு அடியிலோ, ஷூ ரேக்குக்குள்ளோ போகலாம். நம்ம வீடுகளில் தண்ணீர் போகும் ஓட்டை, பைப்புக்காக உடைத்துச் சரியாகப் பூசாத சுவர், ஏசிக்குப் போட்ட துளை என்று வெளியேற வழிகளும் அதிகம். அறைக்குள் இருக்கிற வரைதான் அது உங்கள் பாம்பு. பைப் வழியாக இறங்கிவிட்டால் அது மாடி முழுக்க இருக்கிறவர்களின் பிரச்சினை.

அதனால்தான் சொல்கிறேன், தேடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் 2011 மார்ச்சில் ஒரு எகிப்திய நாகம் காணாமல் போனது. அவர்கள் மறைக்கவில்லை. ஊருக்கே சொன்னார்கள், ஊர்வன கட்டடத்தை மூடினார்கள், காத்திருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் அதே கட்டடத்தின் இருட்டு மூலையில் அது கிடைத்தது. ஊர் கிண்டல் பண்ணியது, பாம்பின் பெயரில் ட்விட்டர் கணக்கே தொடங்கினார்கள். ஆனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் ராலே நகரத்தில் நடந்தது. ஒருவர் வீட்டில் வளர்த்த, விஷத்தைத் துப்பக்கூடிய வரிநாகம் 2020 நவம்பரில் தப்பியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து, 2021 ஜூன் இறுதியில் அது வேறொருவர் வீட்டுத் திண்ணையில் நின்றது. அதுவரை அந்தத் தெருவில் குழந்தைகள் விளையாடியிருப்பார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். தங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதிர்ஷ்டவசமாக யாரையும் கடிக்கவில்லை. கடைசியில் அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட குற்றம், தப்பியதைத் தெரிவிக்காமல் இருந்தது.

சொன்னதால்தான் முதல் பாம்பு உள்ளேயே இருந்தது என்று நான் வாதாடவில்லை. பாம்புக்கு அதெல்லாம் தெரியாது. மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இந்தியாவில் இது இன்னும் சிக்கல். பாம்புக்கடியால் இங்கே வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அதனால் பக்கத்து வீட்டு அக்கா பயப்படுவதை 'அறியாமை'ன்னு சிரிக்க நமக்கு உரிமையில்லை. மாடிப்படியில் புள்ளி போட்ட தடித்த பாம்பைப் பார்த்தால், விஷமில்லாததுன்னு கண்டுபிடிக்க அவங்க என்ன விலங்கியல் படிச்சாங்களா? கம்புதான் எடுப்பாங்க. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று குழப்பிக்கொள்வது நம்ம ஊரில் புதுசு இல்லை. "அந்த ஃபிளாட் பையனோட பாம்புதான், ஒண்ணும் பண்ணாது" என்று யாராவது கையில் தூக்கினால்? அதனால் சொல்லும்போது போட்டோவோடு, "யாரும் தொடாதீங்க, என்னைக் கூப்பிடுங்க" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"சொன்னா அடிச்சுக் கொன்னுடுவாங்களே, வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்களே?" நியாயமான பயம்தான். ஆனால் எதிர்பாராமல் பார்த்தால்தான் அடி உறுதி. முன்னாடியே தெரிந்தால் போன் பண்ணவாவது ஒரு வாய்ப்பு இருக்கு. வீடு போகுமேன்னு மறைச்சா, அதுக்கு விலை கொடுக்கிறது பாம்பும் பக்கத்து வீடும்தான்.

நிறைய பேர் வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணம் சட்டம். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்ற நம்ம நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். சூட்கேஸில் வந்த பாம்புக்கு எந்தப் பதிவு? காணாமல் போன அன்று அதன் சொந்தக்காரர் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிட மாட்டார். திருட்டுத்தனமாக வந்த உயிர் திருட்டுத்தனமாகவே சாகும்.

வாங்க ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு இந்த மெசேஜை டைப் பண்ணிப் பாருங்கள்:

"வணக்கம். இரண்டாம் மாடியில் நான் வளர்க்கும் பாம்பு பெட்டியை விட்டு வெளியே போய்விட்டது. விஷம் இல்லாதது. போட்டோ கீழே. பதிவுச் சான்று என்னிடம் இருக்கிறது. எந்தப் பாம்பைப் பார்த்தாலும் தொடாதீர்கள், அடிக்காதீர்கள், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்."

அனுப்பும் தைரியம் இருந்தால், மூடியைச் சரியாகப் போட்டு வளருங்கள். விரல் நடுங்கினால், ரீல்ஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டேட்டா மட்டும்தான் போகும்.