பஸ்ஸுக்கு ஒரு பெயர்ப்பலகை

"மிஸ், இவனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கோ. படிப்பில்லை. நெடுக ஸ்ரிக்கர் அடிச்சுத் தண்ணிக்குள்ள போட்டுக்கொண்டு இருக்கிறான். அந்தத் தாள் வாங்கிற காசுக்கு ஒரு கிழமைக்கு மா வாங்கலாம்."

வடமராட்சியில் நான் மாதமொரு முறை போய்வரும் வீடு அது. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார் அந்தத் தாய். கணவர் இ.போ.ச. சாரதி. நான்கு வருடங்களுக்கு முன் நோயினால் காலமானார். மூத்தவனுக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. தாயின் கவலையில் நியாயம் உண்டு. படித்த சமூகவியல் சும்மா இருக்குமா? "இழப்பின்பின் ஒதுங்கும் கட்டிளம் பருவம்" என்று மனதுக்குள் தலைப்பே எழுதிக்கொண்டுதான் அவனிடம் போனேன்.

மேசையில் ஒரு சிவப்பு பஸ். தகப்பன் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓட்டிய 750ஆம் இலக்க பஸ், இருபத்துநான்கில் ஒரு பங்காக. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டித் தானே செய்திருக்கிறான். ஆனால் பஸ்ஸில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

கடையில் விற்கும் விமான, கார் மாதிரிப் பெட்டிகளுக்குள் அவற்றின் சின்னங்களும் இலக்கங்களும் அச்சிட்டே வரும். 'டெக்கல்' என்பார்கள். இ.போ.ச. பஸ்ஸுக்கு, அதுவும் தமிழில், யார் அச்சிட்டுத் தரப்போகிறார்கள்? அதனால் வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா கொடுத்த பழைய மடிக்கணினியையும் மை பிறிண்டரையும் வைத்துக்கொண்டு தானே இறங்கிவிட்டான்.

இதற்கென்று தனித்தாள் உண்டு. தாளின்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் மெல்லிய படலம். படலத்தில்தான் அச்சு விழும். வெட்டியெடுத்து அரை நிமிடம்போல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் பசை இளகி, படலம் வழுக்கிக்கொண்டு வரும். அதை அப்படியே பஸ்ஸின்மேல் நகர்த்தி, பஞ்சால் ஒற்றி நீரை எடுக்கவேண்டும். நம் வீட்டுப் பீங்கான் கோப்பைகளில் உள்ள பூக்களிலும் பல இவ்விதம் ஒட்டிப் பின்னர் சூளையில் சுடப்பட்டவைதான்.

கேட்க இலகு. முதல் தாள் தண்ணீரில் இறங்கியதும் எழுத்தெல்லாம் கரைந்து கோப்பை நீலமானதாம். சாதாரண மை பிறிண்டரின் மை தண்ணீரில் கரைவது. அச்சிட்டபின் நன்றாகக் காயவிட்டு, நிறமற்ற வார்ணிஷை மெல்லிதாக இரண்டு மூன்று தடவை விசிறி, அதையும் காயவிட்டபிறகே தண்ணீரில் இடவேண்டும். லேசர் பிறிண்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் தூள் உருகி ஒட்டுவது. ஆனால் மை பிறிண்டருக்கான தாளை லேசருக்குள் விட்டால் சூட்டில் படலம் உருகி இயந்திரமே பழுதாகலாம்.

இரண்டாவது தாளில் வேறு வில்லங்கம். வெள்ளை எழுத்தை அச்சிட்டால் ஒன்றுமே விழவில்லை. வீட்டுப் பிறிண்டரில் வெள்ளை மை கிடையாது, தாளின் வெண்மையைத்தான் நாம் வெள்ளையாகக் காண்கிறோம். நானும் இத்தனை வருடம் அறிக்கை அச்சிடுகிறேன், இதை யோசித்ததில்லை. வெண்படலத் தாள் வாங்கி, எழுத்தைச் சுற்றி பஸ்ஸின் சிவப்பையே அச்சிட்டுச் சமாளித்தான். மூன்றாவது, சொரசொரப்பான பெயின்றின்மேல் ஒட்டியதால் அடியில் காற்று சிக்கி வெளிறித் தெரிந்தது. முதலில் பளபளப்பு வார்ணிஷ் பூசியிருக்கவேண்டும்.

"பதினைஞ்சு சென்ரிமீற்றர் எழுத்து இதில ஆறேகால் மில்லிமீற்றர், மிஸ். அதைவிடச் சின்னனாக்கினால் குற்றுகள் அடைபட்டிடும்." கணக்கில் 28 புள்ளி எடுத்த பிள்ளை சொல்கிறான்!

நான் சொன்ன ஒரே புத்தி, வார்ணிஷ் விசிறுவதை அடுப்படியில் வைத்துக்கொள்ளாதே, தீப்பற்றும். முற்றத்தில் நின்று, மூக்கை மூடிக்கொண்டு செய் என்பது. படிப்புக்கும் நேரம் பேசிக்கொண்டோம்.

போகிற நேரம் தாயைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். முன்கண்ணாடிக்குள் வைக்கும் பலகைக்காக 'பருத்தித்துறை' என்று எழுதியிருந்தான். கையில் மா ஒட்டியபடியே நின்று பார்த்தார்.

"அவற்றை போட் இப்பிடி இல்லை. அவர் தன்ர கையால எழுதினவர். 'த்' விடுபட்டுப்போச்சு. நான் எத்தினை தரம் சொல்லியும் மாத்தேல்லை."

அறிக்கைகளில் எழுத்துப்பிழை கண்டால் சிவப்பு மையைத் தேடுகிறவள் நான். வாய் திறக்கவில்லை. மகன் அந்த 'த்'தை அழித்தான். நடுவில் இடைவெளி விழுந்தது.

"கொஞ்சம் கிட்டக் கொண்டு வா," என்றார் தாய். "இன்னும் கொஞ்சம்."