கரி அள்ளிப் போடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே

மாண்புமிகு ஒன்றிய ரயில்வே அமைச்சர் அவர்களுக்கு,

1855-இல் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர்-21 நீராவி எஞ்சினை, நெடுங்காலம் காட்சிப்பொருளாக நின்ற பிறகு, 2010-இல் ஓட வைத்தவர்கள் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள். விழா நாட்களில் அது எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் போனால் வழியெல்லாம் கூட்டம். மற்ற நாட்களில்?

சென்னை ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்கள் வண்ணம் பூசி நிற்கின்றன. பாய்லர் தேறக்கூடிய ஒன்றையாவது எடுத்துச் சீர்செய்து, அந்த வளாகத்துக்குள்ளேயே ஓட விடுங்கள். ஓட்டும் வேலையில் தன்னார்வலர்களைச் சேருங்கள்.

வேல்ஸில் தாலிலின் என்றொரு குறுகிய ரயில்பாதை. மலையிலிருந்து பலகைக்கல் இறக்க 1860-களில் போட்டது. 1950-இல் உரிமையாளர் இறந்ததும் மூடியிருக்க வேண்டியது. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் பர்மிங்காமில் கூட்டம் போட்டு ஆள் சேர்த்தார். 1951 மே மாதம் தன்னார்வலர்கள் ரயிலை ஓட்டிவிட்டார்கள். நம்பி எடுக்க அவர்களுக்கு அன்று இருந்தது ஒரே எஞ்சின்தான். அந்தப் பாதை இன்றும் ஓடுகிறது.

பாதுகாப்பு என்று கோப்பில் எழுதுவார்கள். எழுதட்டும், எழுத வேண்டியதுதான். நீர்மட்டம் மிகவும் இறங்கினால் பாய்லர் வெடிக்கலாம். அதனால்தான் தாலிலினில் யாரையும் எடுத்த எடுப்பில் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் தொட விடுவதில்லை. முதலில் சாம்பல் வார வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பிறகு தேர்வில் தேறினால் ஃபயர்மேன். டிரைவர் ஆக ஆண்டுகள் பிடிக்கும்.

உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டாம். பொன்மலைப் பணிமனை நீலகிரி ரயிலுக்குப் புது நீராவி எஞ்சினே செய்து கொடுத்திருக்கிறது.

ஆட்கள்தான் அவசரம். அகலப்பாதையில் நீராவி 1995-இல் முடிந்தது. அன்று கரி அள்ளிப் போட்ட இளைஞர்களே இன்று ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த டிரைவர்களில் பலர் இன்று இல்லை. புகையின் நிறத்தைப் பார்த்து, தீக்குக் காற்று போதவில்லையா, கரி அதிகமா என்று சொல்லும் கண் கையேட்டைப் படித்து வராது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

ஓய்வூதியப் பட்டியல்கள் உங்கள் துறையிடமே இருக்கின்றன. அவற்றில் நீராவி ஷெட்டில் வேலை பார்த்தவர்களைத் தேடி, கற்றுக்கொடுக்க வருவீர்களா என்று கேட்டு இந்த ஆண்டே ஒரு கடிதம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரயில் பயணி