பழைய துப்பாக்கிக்குப் பழைய தோட்டாவா?

துப்பாக்கிக்கு வயது நூறு. அதில் போடும் தோட்டாவுக்கு வயது எழுபது. இரண்டையும் சேர்த்துச் சுடலாமா?

அமெரிக்காவில் இது பெரிய வழக்கு. பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைப்பவர்கள் அங்கே ஏராளம். விடுமுறை நாளில் அவற்றை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போவார்கள். அட்டையில் வரைந்த குறியைப் பார்த்துச் சுடுவார்கள். வீடு திரும்பியதும் துடைத்துப் பெட்டியில் வைப்பார்கள்.

இங்கிலாந்திலும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே பிஸ்லி என்ற ஊர், துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பெயர் போனது. 1890-ஆம் ஆண்டு முதல் போட்டி அங்கேதான் நடக்கிறது. பழைய துப்பாக்கிகளுக்கென்று தனிப் போட்டியும் உண்டு.

துப்பாக்கி பழையது. தோட்டாவும் பழையதாக இருந்தால் செலவு குறைவு. வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

"தாராளமாகச் சுடலாம்" என்கிறது ஒரு கட்சி. "தொடவே கூடாது" என்கிறது மற்றொரு கட்சி. இரண்டும் பாதி உண்மைதான். தோட்டா எத்தனை ஆண்டு பழையது என்று கேட்டால் மட்டும் போதாது. அத்தனை ஆண்டும் அது எங்கே கிடந்தது என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரியாத தோட்டாவைத் துப்பாக்கியில் போடக் கூடாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கூடாது.

போர் விட்டுச் சென்ற மிச்சம்

இவ்வளவு தோட்டா எங்கிருந்து வந்தது?

ரஷ்யாவில் 1891-ஆம் ஆண்டு ஒரு துப்பாக்கி பிறந்தது. பெயர் மோசின்-நாகன். இரண்டு உலகப் போர்களிலும் ரஷ்யச் சிப்பாய் தோளில் சுமந்தது இதைத்தான். கோடிக்கணக்கில் செய்து குவித்தார்கள். தோட்டாவையும் அப்படியே குவித்தார்கள். போர் முடிந்தது. மிச்சம் கிடங்கில் தூங்கியது.

1991-இல் சோவியத் நாடு உடைந்தது. கிடங்குகள் திறந்தன. துப்பாக்கிகள் அமெரிக்கக் கடைகளுக்குப் போயின. தோட்டாக்களும் கூடவே போயின. காற்றுப் புகாத தகர டப்பா ஒன்றில் 440 தோட்டா. ஒரு மரப் பெட்டியில் இரண்டு டப்பா. மொத்தம் 880. விலையோ மிக மலிவு. வாங்கியவர்கள் வீட்டில் அடுக்கி வைத்தார்கள்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதில்லை என்று அமெரிக்க அரசு 2021-இல் அறிவித்தது. பழைய இருப்பும் கரைந்துவிட்டது. இருப்பு கரையக் கரைய, ஊர் பேர் தெரியாத உதிரித் தோட்டாவின் மேல் கண் போகிறது. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

தோட்டாவுக்குள் என்ன?

தோட்டாவில் நான்கு பாகம். மேலே குண்டு. அதைப் பிடித்திருப்பது பித்தளைக் கூடு. கூட்டுக்குள் மருந்து. கூட்டின் அடியில் சின்னக் கேப்பு.

விசையை அழுத்தினால் ஊசி போய்க் கேப்பைக் குத்தும். கேப்பு பற்றும். அந்தத் தீ மருந்துக்குத் தாவும். மருந்து எரிந்து வாயு ஆகும். வாயு குண்டைத் தள்ளும்.

அந்த வாயுவின் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சாதாரணக் காற்றின் அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேல்! அத்தனை வேகமும் சுடுபவர் கன்னத்துக்குப் பக்கத்தில் அடைபட்டிருக்கிறது. அதை அடைத்து நிற்பது ஓர் இரும்புக் குழலும் மெல்லிய பித்தளைக் கூடும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும்.

மருந்துக்கும் மூப்பு உண்டு

துப்பாக்கி மருந்து பஞ்சிலிருந்து வருகிறது. பஞ்சை அமிலத்தில் ஊற வைத்துச் செய்கிறார்கள். நாளாக நாளாக இந்த மருந்து தனக்குள்ளேயே அமில வாயுவைக் கக்கும். அந்த வாயு மருந்தை மேலும் கெடுக்கும். அதைத் தடுக்க வேறொரு பொருளையும் சேர்க்கிறார்கள். அந்தக் காவல்காரன் இருக்கும் வரையில் மருந்து பத்திரம். ஆனால் வெயிலும் சூடும் காவல்காரனைச் சீக்கிரம் தீர்த்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கதை அல்ல. பிரான்ஸ் நாட்டின் தூலோன் துறைமுகத்தில் 1907-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று 'இயேனா' என்ற போர்க்கப்பல் வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதே துறைமுகத்தில் 1911 செப்டம்பர் 25 அன்று 'லிபர்தே' என்ற கப்பல் வெடித்தது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் போயிற்று. எதிரி யாரும் சுடவில்லை. கப்பலுக்குள் இருந்த மருந்து கெட்டுப்போனதுதான் காரணம் என்று கருதப்பட்டது.

கப்பலில் டன் கணக்கில் மருந்து. தோட்டாவில் ஒரு சிட்டிகை. ஆனாலும் கெடுகிற விதம் ஒன்றுதான்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 'த்ரீ நாட் த்ரீ' என்று பெயர் பெற்ற 303 துப்பாக்கியின் தோட்டாவில் நெடுங்காலம் போட்ட மருந்துக்குக் 'கார்டைட்' என்று பெயர். பார்க்கச் சேமியா போல நீளமாக இருக்கும். அந்த மருந்தைச் செய்வதற்கென்றே நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள அருவங்காட்டில் 1903-இல் ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள்.

குதிரை லாயம் சொன்ன பாடம்

மருந்து கெடாமல் இருந்தாலும் பித்தளை கெடலாம்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவில் ஒரு விந்தை நடந்தது. மழைக் காலத்தில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்தார்கள். மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால், கூடுகளின் கழுத்தில் விரிசல்! யாரும் தட்டவில்லை. யாரும் மிதிக்கவில்லை. எப்படி விரிந்தது?

குதிரை மூத்திரத்திலிருந்து எழும் நெடிதான் காரணம். அதில் அம்மோனியா இருக்கிறது. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து பித்தளையைப் பிளந்துவிட்டன. 1921-இல்தான் விஞ்ஞானிகள் இதற்கு முழு விளக்கம் சொன்னார்கள்.

பாடம் என்ன? தோட்டாவின் அடியில் ஆண்டும் தொழிற்சாலைக் குறியும் பொறித்திருக்கும். பிறந்த நாளை அது சொல்லும். குதிரை லாயத்தில் கிடந்ததா, கொல்லைக் கொட்டகையில் கிடந்ததா என்பதை அது சொல்லாது.

உப்புக் கேப்பு

கடற்கரையில் வசிப்பவர்களுக்கு உப்பின் குணம் தெரியும். ஜன்னல் கம்பியை அது சும்மா விடுவதில்லை.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கேப்பிலும் இதே தொல்லை. சுட்டதும் குழலுக்குள் ஒரு வகை உப்பு படியும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மறுநாளே துரு பிடிக்கும். நூறு ஆண்டு நன்றாக இருந்த குழல், ஒரு வாரக் கவனக்குறைவில் பாழாகும்.

பலர் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உப்பு எண்ணெயில் கரையுமா? தண்ணீரில்தான் கரையும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனலை வைத்துக் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். பிறகு துணியால் ஈரம் போகத் துடைத்தார்கள். கடைசியில்தான் எண்ணெய். இன்றைக்கும் அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

அமெரிக்க ராணுவம் 1950-களின் தொடக்கத்தில் உப்பு விடாத கேப்புக்கு மாறிவிட்டது. ரஷ்யத் தோட்டாக்களில் பழைய கேப்பு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது.

தோட்டா பத்துக் காசு மிச்சம். குழல் போனால் நூறு ரூபாய் நஷ்டம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

வெடிக்காத வெடி

தீபாவளியன்று எல்லா வீட்டிலும் ஓர் எச்சரிக்கை கேட்கும். "வெடிக்காத வெடிகிட்டே போகாதேடா!" திரி அணைந்தது போல் இருக்கும். கிட்டே போனதும் வெடிக்கும்.

பழைய தோட்டாவும் அப்படித்தான். விசையை அழுத்துவார்கள். 'டிக்' என்று ஊசி விழும் சத்தம் மட்டும் கேட்கும். கெட்ட தோட்டா என்று உடனே கதவைத் திறந்தால், அந்த நொடியில் வெடிக்கலாம். அப்போது தீ முன்னால் போகாது. முகத்துக்கு வரும்.

ஆகவே துப்பாக்கியைக் குறிப் பக்கமே நீட்டிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஒரு நிமிடம் என்றால் இன்னும் நல்லது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சத்தம் 'புஸ்' என்று சன்னமாகக் கேட்கும். குண்டு வெளியே போகாமல் குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடித்துப் பிளக்கும். சத்தம் மாறினால் சுடுவதை நிறுத்திக் குழலைச் சோதிக்க வேண்டும்.

துப்பாக்கியையும் நம்பிவிடக் கூடாது

அமெரிக்க ராணுவத்தின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி பெயர் பெற்றது. ஆனால் அதன் தொடக்க காலத்துத் துப்பாக்கிகள் சில வெடித்துச் சிதறின. காரணம் என்ன? இரும்பைக் காய்ச்சிய தொழிலாளர்கள், சூடு போதுமா என்று நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். வெயில் நாளில் கண் ஏமாந்தது. இரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்து, கண்ணாடி போல உடையும் தன்மை பெற்றது. 1918-இல் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்து, 8 லட்சத்துக்குக் குறைந்த எண் கொண்ட துப்பாக்கிகளைச் சுட வேண்டாம் என்றே இன்றும் சொல்கிறார்கள்.

குறையுள்ள துப்பாக்கியும் கெட்ட தோட்டாவும் ஒன்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சுடுபவர்கள் சொல்லும் நியாயம்

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. டப்பா உடையாமல், சூடும் ஈரமும் படாமல் இருந்த தோட்டா, ஐம்பது அறுபது ஆண்டு கழித்தும் ஒழுங்காகச் சுடுகிறது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் அழிப்பது வீண்தான். வாய் கட்டி வைத்த ஊறுகாய் ஜாடியை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை.

"தாத்தா சுட்ட துப்பாக்கியில் தாத்தா காலத்துத் தோட்டாவைச் சுடுவதில்தான் இன்பம்" என்றும் சிலர் சொல்வார்கள். அந்த இன்பத்தையும் மறுக்க வேண்டாம். ஆனால் ஜாடியின் வாய் திறந்து கிடந்தால்? உள்ளே பூஞ்சணம் இருந்தால்? மலிவு என்பதற்காக அதைக் குழந்தைக்குப் பரிமாறுவார்களா?

ஆகவே கணக்கு எளிது. மூடிய டப்பாவா, குறி தெளிவாக இருக்கிறதா, இருந்த இடம் தெரியுமா? அப்படியானால் பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் துப்பாக்கியைக் காட்டிவிட்டு, கண்ணாடி அணிந்து, காதை மூடிக்கொண்டு சுடலாம். சுட்ட அன்றே கழுவ வேண்டும். பித்தளையில் பச்சை பூத்திருந்தால் வேண்டாம். கழுத்தில் விரிசல் இருந்தால் வேண்டாம். குண்டு ஆடினால் வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், தங்கம் போல மின்னினாலும் வேண்டாம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. இந்தப் பழைய துப்பாக்கிகளுக்கென்றே செர்பியா நாட்டில் புதிய தோட்டா செய்கிறார்கள். உப்பு விடாத கேப்பு. விலை சற்றுக் கூடுதல். அந்தக் கூடுதல் விலை, கண்ணுக்குக் கட்டும் காவல் கூலி.

பரண் மேல் ஒரு தோட்டா

இந்தியாவில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் உயிருள்ள தோட்டா ஒன்றை வைத்திருப்பதும் குற்றம். உத்தரப் பிரதேசப் போலீசார் 2020-ஆம் ஆண்டு குடியரசு தின அணிவகுப்பில் தங்கள் 303 துப்பாக்கிக்கு விடை கொடுத்தார்கள்.

ஆனால் தாத்தா பட்டாளத்தில் இருந்த வீடுகள் தமிழ்நாட்டில் பல உண்டு. பழைய டிரங்குப் பெட்டியிலோ பரண் மேலோ ஒரு தோட்டா அகப்படலாம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பிரித்துப் பார்க்க வேண்டாம். அடுப்புப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, கண்ட இடத்திலேயே விட்டு, போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

தோட்டா போனால் வேறு வாங்கலாம். துப்பாக்கி போனால்கூட வேறு தேடலாம். கண் போனால் எந்தக் கிடங்கில் கிடைக்கும்?