கோடும் கடலும்

போன ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டி மகாபலிபுரம் போய்க்கொண்டிருந்தோம். படகுகளைக் கண்டு குழந்தைகள் ஒரே கூச்சல். உடன் வந்த நண்பர் மட்டும், "பொறுங்கள், நெம்மேலி வரட்டும்!" என்றார்.

"அங்கே என்ன ஸார் விசேஷம்?"

"கடலைக் குடிதண்ணீராக்குகிறார்கள். அதைவிட விசேஷம் வேண்டுமா?"

வாஸ்தவந்தான். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதைப் பிரித்து, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தரும் நிலையம் 2013-ல் அங்கே வந்தது. 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று!

நண்பர், தண்ணீர் நிலையங்களுக்குப் படம் வரைந்தே தலை நரைத்தவர்.

"1914-ல் திறந்த கீழ்ப்பாக்கம் நிலையத்துக்கு எல்லாம் கைப்படந்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதே கதை. குழாய் இடம் மாறினால், மைக்கோட்டைப் பிளேடால் சுரண்டுவோம். ஒரு தாளில் திருத்தி, இன்னொன்றில் மறந்தால் போச்சு! குழாய் போகிற வழியில் தூண் நிற்கும்."

"இப்போது?"

"கம்ப்யூட்டரில் குழாய்க்கு ஓர் அடுக்கு, தூணுக்கு ஓர் அடுக்கு, மின்கம்பிக்கு ஓர் அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி. எங்கே முட்டுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்."

"அப்புறம் கவலையே இல்லை!"

"யார் சொன்னது? அதற்குக் கோடு தெரியும், தரை தெரியாது. ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால், அடுத்ததில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை நான் மட்டத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். அந்தத் தப்பையும் அச்சடித்த மாதிரி அழகாக வரைந்து கொடுத்தது! கைப்படமானால் நாலு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். இதை ஒருவரும் சந்தேகிக்கவில்லை."

"ஐயோ, அப்புறம்?"

"சின்ன எஞ்சினீயர் பையன் ஒருவன். வெயிலில் போய் அளந்து பார்த்துவிட்டு, 'ஸார், தண்ணீர் மேடு ஏறுமா?' என்று கேட்டான். பிழைத்தோம்! இல்லாவிட்டால் காங்கிரீட் கொட்டிய பிறகு இடிக்க வேண்டியதுதான். ஊர் ஜனங்கள் அதுவரை குடத்தோடு நிற்க வேண்டியதுதான்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. எங்கேயோ ஒரு புண்ணியவான், அழகான படத்தைப் பார்த்தும் மயங்காமல், இன்னொரு தடவை அளந்து பார்த்திருக்கிறான்!