எதிர்காலம் தெரிந்தால் வெற்றி நிச்சயமா?



சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் மோதினால் வெல்வது யார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நீங்கள் மணிக்கணக்கில் வாதாடுவீர்கள். வீண்பொழுது என்று பெரியவர்கள் கடிந்துகொள்ளலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முறையாக வாதாடினால் இது அறிவியலுக்கு நல்ல பயிற்சி என்பதே என் கருத்து. ஆனால் முறையாக வாதாட வேண்டும்!

முதலில், எந்தச் சூப்பர்மேன்? 1938-ல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்து வெளிவந்த முதல் கதையில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரே தாவலில் எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர் தாண்டுவார். பறக்கும் ஆற்றல் பிற்பாடு சேர்ந்தது. ஒருவர் அந்தச் சூப்பர்மேனையும் மற்றவர் பிற்காலச் சூப்பர்மேனையும் மனத்தில் வைத்து வாதாடினால் முடிவு எப்படி வரும்? ஆதாரமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கதைகளை ரசிகர்கள் ‘கேனன்’ என்பார்கள். பௌதிகக் கணக்கில் தொடக்க வேகத்தையும் தொலைவையும் முதலில் குறித்துக்கொள்கிறோம் அல்லவா? கேனனும் அப்படித்தான். அதை முதலில் முடிவு செய்யுங்கள், பாதியில் மாற்றாதீர்கள்.

1976-ல் டி.சி., மார்வெல் நிறுவனங்கள் சேர்ந்து இவ்விருவரையும் ஒரே கதையில் மோதவிட்டன. சண்டை சமமாக இருக்க வேண்டுமே! அதற்காக ஸ்பைடர்மேனுக்குச் செஞ்சூரியக் கதிர்வீச்சால் தற்காலிக வலிமை ஏற்ற வேண்டியிருந்தது. நிபந்தனை மாறினால் விடையும் மாறும்.

அடுத்து, ஸ்பைடர்மேனின் அபாய உணர்வு. “அடி விழப்போவது அவருக்கு முன்பே தெரிந்துவிடும், ஆகவே அவரை யாரும் தொடமுடியாது” என்று சொல்லி உங்களில் சிலர் வாதத்தை முடித்துவிடுவீர்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: எத்தனை வினாடி முன்பு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரி 30 மீட்டர் தொலைவிலிருந்து ஒலியின் வேகத்தில், வினாடிக்கு 340 மீட்டர் வீதம் வருகிறார். வந்துசேர 0.088 வினாடி ஆகும். கண்ணால் கண்டு உடலை அசைக்கவே சாதாரண மனிதனுக்குச் சுமார் 0.2 வினாடி வேண்டும். எதிரி கிளம்பிய கணத்திலேயே எச்சரிக்கை கிடைத்தாலும், அதற்குள் அரை மீட்டர் விலகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 13 மடங்கு முடுக்கம் தேவை. எச்சரிக்கை ஒரு வினாடி முன்னதாகக் கிடைத்தால்? நீங்களும் நானும்கூட நிதானமாக விலகிவிடலாம்! ஆக, எதிர்காலம் அறியும் சக்தி என்பது மந்திரமல்ல. வினாடிகளில் அளந்து பேச வேண்டிய ஒன்று. அறிவது வேறு, அறிந்ததைச் செய்து முடிப்பது வேறு. 2018-ல் வந்த அவெஞ்சர்ஸ் திரைப்படத்தில் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 1,40,00,605 எதிர்காலங்களைப் பார்க்கிறார். வெற்றி ஒன்றில் மட்டுமே. எல்லாம் பார்த்தவரும் இறுதியில் மறைந்துபோகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அடி விழுவதை முன்பே கண்டு ஒருவர் விலகிவிட்டால், அந்த அடி விழவே இல்லை. அப்படியானால் அவர் கண்டது எதிர்காலமா? இல்லை, ‘நான் அசையாமல் நின்றால் இது நடக்கும்’ என்ற முன்கணிப்பு மட்டுமே. சூரிய கிரகணம் நம் கணிப்பைக் கேட்டுத் தன் நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை. சண்டையில் எதிரியோ, நீங்கள் விலகுவதைக் கண்டதும் தன் பாதையை மாற்றிக்கொள்வான். அந்தக் கணமே பழைய கணிப்பு பயனற்றுப்போகும்.

இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறேன்? “அவருக்கு எல்லாம் முன்பே தெரியும்” என்பது எந்நிலையிலும் தோற்காத வாதம். தோற்கவே முடியாத வாதத்தைச் சோதிக்கவும் முடியாது. சித்திரக்கதைக்கு வெளியிலும் இத்தகைய பேச்சை நீங்கள் கேட்பீர்கள். ஏதேனும் நடந்து முடிந்தபின், “நான் அப்போதே சொன்னேன்” என்று ஒருவர் வருவார். அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எப்போது சொன்னீர்கள்? எவ்வளவு துல்லியமாகச் சொன்னீர்கள்? என்ன நடந்திருந்தால் உங்கள் சொல் தவறு என்று ஒப்புக்கொண்டிருப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், அவர் சொன்னது கணிப்பே அல்ல. இதை ஸ்பைடர்மேனை வைத்துப் பழகிக்கொள்வதில் தவறொன்றுமில்லை. அடுத்த முறை நண்பர்களோடு வாதாடும்போது, கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.